பதினைந்து நிமிடக் காற்று

ஏரி ஆய்வுக்கூடத்தில் காலையில் முதல் விளக்கைப் போடுகிறவள் அக்கா. தரையைத் துடைப்பதும், மேசையைத் துடைப்பதும், கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, அமிலத்தில் ஊறப்போட்டு, மறுபடியும் கழுவிக் கவிழ்த்து வைப்பதும் அவள் வேலை. அங்கே எல்லோருக்குமே அவள் அக்காதான். ஓய்வு பெற இரண்டே வருஷம் இருக்கிற படகுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு தம்பி" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

ஏழு வருஷமாக அது தற்காலிக வேலை. நிரந்தரம் செய்யப்போகிறவர்களின் பட்டியலில் இந்த மாதம்தான் அவள் பேர் ஏறியிருந்தது. மாதக் கடைசியில் ஆய்வுக்கூடத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தாள். பேர் ஏறின நாளிலிருந்து துடைத்த தரையையே இரண்டு தடவை துடைத்தாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த மனுஷி டாக்டரம்மா. மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு இந்த டாக்டர் பட்டத்தைச் சீண்டிப் பார்க்காவிட்டால் பொழுது போகாது.

"உங்க டாக்டரம்மா யாருக்குத்தான் வைத்தியம் பாக்குறாங்க?"

"ஏரிக்கு. அடியில கிடக்கிற சேத்துக்கு."

"நாடி பிடிச்சா?"

"பிடிச்சுத்தான். கிண்டல் பண்ணாதீங்க. நீங்க குடிக்கிற தண்ணி அதுலேருந்துதான் வருது."

அது உண்மை. ஊர் முழுக்க அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடித்தது. ஒரு காலத்தில் ஊர்ச் சாக்கடையும் அதே ஏரியில்தான் கலந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். ஆனாலும் வெயில் காலம் வந்தால் தண்ணீரின் மேல் பச்சையாக ஆடை படர்ந்தது. பிறகு ஏரியின் அடிக்குக் குழாய் போட்டுக் காற்று ஊதும் மெஷின் ஒன்றைக் கரையில் வைத்தார்கள். பச்சை அடங்கியது. ஆனால் மெஷின் ராப்பகலாக உறுமியது. பக்கத்துத் தெருக்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். சாக்கடைதான் நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு இந்த இரைச்சல், எடுத்துவிடுங்கள் என்றார்கள். எடுக்கலாமா, கூடாதா? அடிச்சேற்றில் அந்தப் பச்சைக்கு உரமாகிற பாஸ்பரஸ் இன்னும் எவ்வளவு இருக்கிறது, அது வெளியே வருமா, வராதா? இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு டாக்டரம்மாவின் தலையில் விழுந்தது.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது அக்காவுக்கு ஒரு பிரார்த்தனை மாதிரி இருக்கும். சேறும் தண்ணீருமாக ஏரியிலிருந்து எடுத்து வந்த பன்னிரண்டு நீளக் கண்ணாடிக் குழாய்களை, தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல, கொஞ்சமும் சாய்க்காமல் படகிலிருந்து ஒவ்வொன்றாகத் தாமே தூக்கி வந்தார். ஒரு கரண்டிச் சேற்றைக்கூட அசட்டையாக வழித்துப் போட மாட்டார். அழுக்குக் குடுவையைக் கழுவும் தொட்டியில் வைக்கும்போது, "மன்னிச்சுக்கங்க அக்கா, இன்னிக்கு ரொம்ப ஒட்டிக்கிச்சு" என்பார். ஏழு வருஷத்தில் அழுக்குக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் கழுவும் தொட்டியருகே நின்று, தாம் செய்வது என்னவென்று அவரே சொன்னார்.

"இதுவும் உங்க வேலைதான் அக்கா. ஒரு துணியில நாலு விதமாக் கறை இருக்குன்னு வைங்க. ஒண்ணு வெறும் தண்ணியில போயிடும். ஒண்ணு சோப்பு போட்டாத்தான் போகும். இன்னொண்ணு அமிலம் கேக்கும். கடைசியில ஒண்ணு எதுக்கும் மசியாது, சரியா?"

"ஆமா. எங்க வீட்டுக்காரர் சட்டையில இருக்கிற கிரீஸ் மாதிரி."

"அதேதான். சேத்துல பாஸ்பரஸும் அப்படித்தான் உக்காந்திருக்கு. கொஞ்சம் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும். கொஞ்சத்த இரும்பு பிடிச்சு வெச்சிருக்கும். கொஞ்சம் சுண்ணாம்போட இறுகிப் போயிருக்கும், அது நம்ம காலத்துல வெளிய வராது. நான் ஒவ்வொரு கரைசலா ஊத்தி, வரிசையா அலசி, எது எவ்வளவுன்னு பிரிக்கிறேன்."

"இதுல எது பொல்லாதது?"

"பொல்லாததுன்னு எதுவும் இல்ல. எது எப்ப கையை விடும்னு தெரியாததுதான் பயம்" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பன்னிரண்டு குழாய்களும் குளிர் அறையில், கறுப்புத் துணி போர்த்தி, இரண்டு வரிசையாக நின்றன. ஒரு வரிசையில் ஆறு குழாய்களுக்கும் மீன் தொட்டியில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன மோட்டார் மெல்லிய ட்யூப் வழியாகக் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மற்ற ஆறுக்கும் ரப்பர் மூடி. மூன்று நாளைக்கு ஒரு தடவை மதியத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்து கலப்பார். பாஸ்பரஸ் இருந்தால் தண்ணீர் நீலமாக மாறும். அதிகம் இருந்தால் அடர்நீலம்.

டாக்டரம்மாவுக்கு அப்போது மூன்றாவது மாதம். நல்ல வாசனையே அவருக்கு ஆகவில்லை. அழுகின முட்டை வாடை என்றால் கேட்கவா வேண்டும். நாலாம் நாள் குளிர் அறைக் கதவைத் திறந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல அக்கா, சேறுன்னா அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு மறுபடி உள்ளே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை தரை துடைக்கப் போனவள், ஒவ்வொரு குழாயாக மோந்து பார்த்தாள். குமிழி போகிற ஆறிலும் வாடையே இல்லை. மூடி போட்ட ஆறில்தான் குடலைப் புரட்டியது. அவளுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. பக்கத்து வரிசையிலிருந்து ஒவ்வொரு ட்யூபாக எடுத்து, மூடியைத் திறந்து, எதிர்க் குழாயில் விட்டாள். பதினைந்து நிமிஷம் குமிழி விட்டதும் வாடை போய்விட்டது. எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து, மூடியை இறுக்கி, துணியைப் போர்த்தினாள். அன்று டாக்டரம்மா ஓடவில்லை. "இன்னிக்கு வாடையே இல்லையே!" என்று ஆச்சரியப்பட்டார். அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. சொல்லிக் காட்டினால் புண்ணியம் கரைந்துவிடும் என்று நினைத்து, வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்கு அதைச் செய்தாள்.

ஆக்சிஜன் அளக்கிற மீட்டர் இருந்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். அதன் முனை விரிசல் விட்டுப் பழுதுக்குப் போயிருந்தது.

இருபது நாள் ஆயிற்று. டாக்டரம்மாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. ஒரு மதியம், பன்னிரண்டு குப்பிகளையும் ஜன்னலருகே வரிசையாக வைத்து, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஒரே மாதிரி, வானத்தைத் தண்ணீரில் கழுவி விட்டது போல வெளிர்நீலம்.

தலைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நல்ல செய்திதானே? வெளிய வரல. நாளைக்குப் பதினொரு மணிக்கு மெஷின் விஷயமாக் கூட்டம். சேறு சாதுன்னு ரிப்போர்ட்டக் குடுத்துடுவோம். மெஷின எடுத்துடலாம்."

"சார், ஒண்ணு மட்டும் ஒத்து வரல. பிரிச்சுப் பாத்தப்ப பாதிக்கு மேல இரும்பு பிடிச்சதாத்தான் இருந்துது. அது இந்நேரம் வெளிய வந்திருக்கணும். சேத்தோட மேல்தோலும் இன்னும் பழுப்பாவே இருக்கு, கறுக்கவே இல்ல."

"இயற்கை உங்க புத்தகத்தப் படிச்சிட்டு வரலம்மா" என்றார் தலைவர். கெட்ட மனுஷர் இல்லை. மனுப் போட்டவர்கள் தினமும் அவர் அறை வாசலில் நின்றார்கள். அவருக்கும் தலைவலி தீர வேண்டும்.

அவர் போனதும், தொட்டியில் குடுவை தேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஆறுதலாகக் கேட்டாள். "வரலன்னா நல்லதுதானே டாக்டரம்மா? ஏன் இப்படி வாடிப் போயிட்டீங்க?"

"காரணம் தெரியாத நல்லது பயமா இருக்கு அக்கா. பாருங்க, காத்து இருக்கிற வரைக்கும்தான் இரும்பு பாஸ்பரஸக் கெட்டியாப் பிடிச்சிருக்கும். காத்து போயிட்டா கையை விட்டுடும். அதப் பாக்கத்தான் இந்த ஆறு குழாயையும் மூச்சே விடாம மூடி வெச்சிருக்கேன். மெஷின் இல்லாத ஏரி மாதிரி. இருபது நாளா ஒரு துளிக் காத்து படல, ஆனா கையை விட மாட்டேங்குது. நான் பிரிச்சதே தப்போ என்னமோ."

அக்காவின் கையில் இருந்த தூரிகை நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வாயில் ஏதோ வந்தது, மென்று முழுங்கினாள். நாளைக்குக் கூட்டம். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். தேய்த்த குடுவையையே மறுபடி தேய்த்தாள்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப விடு. மெஷின எடுப்பாங்க. பச்சை வந்தா மறுபடி வைப்பாங்க. ஏழு வருஷம் காத்திருந்தவ, ஒன்பது நாள் வாயை மூடிட்டு இருக்க மாட்டியா?"

"அதுவரைக்கும் அந்தத் தண்ணிய யாரு குடிப்பாங்க? அந்தம்மா தான் படிச்ச படிப்பே தப்போன்னு உக்காந்திருக்காங்க. வயித்துப் பிள்ளைக்காரி."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கால் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"லிஃப்ட்ல ஒரு போல்ட்டு கழண்டிருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம வந்தேன்னு வையி. எனக்குச் சாப்பாடு இறங்குமா?"

"இறங்காது."

"அப்புறம் என்ன என்னைக் கேட்டுக்கிட்டு?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனாலும் சேத்துக்கு மூச்சுத் திணறுதுன்னு காத்து ஊதின முதல் ஆளு நீயாத்தான் இருப்ப" என்றார். அழ ஆரம்பித்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் குழாய்களைத் தொடவில்லை. டாக்டரம்மா வந்ததும் வராததுமாகக் குளிர் அறை வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று. "நான்தான் டாக்டரம்மா காத்து விட்டேன்" என்பதுதான் முதலில் வந்தது.

டாக்டரம்மா கைப்பையைக் கீழே வைத்தார். பிறகு நோட்டை எடுத்தார்.

"ஆறு குழாயிலயுமா?"

"ஆறுலயும்."

"எந்த நாள்லேருந்து?"

"அஞ்சாம் நாள்லேருந்து. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல, அன்னிக்கு எனக்கு லீவு."

"எவ்வளவு நேரம்?"

"பதினஞ்சு நிமிஷம். சுவர்க் கடிகாரத்தப் பாத்துத்தான்."

எல்லாவற்றையும் எழுதினார். குரல் ஏறவே இல்லை. எழுதி முடித்தபின்தான் நிமிர்ந்து, "ஏன் அக்கா?" என்றார்.

"அந்த வாடையில நீங்க ஓடினத என்னால பாக்க முடியல."

டாக்டரம்மாவின் கண் கலங்கியது. மூன்று வாரத்து உழைப்பு போனதற்கா, வேறு எதற்கா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "அப்ப நான் பிரிச்சது தப்பில்ல" என்றார் மெல்ல. "இரும்புதான். காத்து வந்துது, அதான் பிடிச்சுக்கிட்டு இருந்துது." பிறகு அக்காவின் கையைப் பிடித்தார். "தப்பு என்னோடது. தினம் உள்ள போற ஆளுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு நான் சொல்லல. கதவுல ஒரு சீட்டு ஒட்டல. நீங்க இங்கயே இருங்க, நான் தலைவர்கிட்ட பேசிக்கிறேன்."

அன்பு செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்காமல் செய்த அன்பையும் இகழாமல், அதனால் வந்த கெடுதலையும் மறைக்காமல், இரண்டையும் ஒரே கையில் பிடிக்கத் தெரிந்த மனுஷர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யக் கிடைப்பதே ஒரு வரம்.

அக்கா அங்கேயே இருக்கவில்லை. பின்னாலேயே போனாள். தலைவர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"என் கவனக்குறைவு சார். குழாய்ல காத்து போயிருக்கு. ரிப்போர்ட் செல்லாது" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

"பதினொரு மணிக்குக் கூட்டம்! இப்ப வந்து சொல்றீங்களே! காத்து தானாவா போகும்? யாரு?"

"சார், பொறுப்பு என்னோடது."

"நான் யாருன்னு கேட்டேன்."

"நான்தாங்க" என்றாள் அக்கா வாசலில் நின்று.

தலைவர் அவளையும், அவள் கையில் மறந்துபோய்ப் பிடித்திருந்த துடைப்பத்தையும் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

"கூட்டம் முடிஞ்சு வந்து சொல்லியிருந்தீங்கன்னா, ஊரே என்னைக் கிழிச்சுத் தொங்கப் போட்டிருக்கும்" என்றார். ரிப்போர்ட்டை எடுத்து இழுப்பறையில் போட்டார். "போய் ஆறு வாரம் தள்ளி வைக்கச் சொல்றேன். திட்டு வாங்கிக்கிறேன். ஆனா உங்ககிட்ட எழுத்துல விளக்கம் கேக்காம இருக்க முடியாது. விளக்கம் கேட்ட ஆளு பேர அந்தப் பட்டியல்ல அனுப்பவும் முடியாது. விதி அப்படி."

"சார், இது நியாயமே இல்ல" என்று டாக்டரம்மா குரலை உயர்த்தினார். அந்தக் குரல் உயர்ந்து அக்கா கேட்டது அன்று ஒரு தடவைதான்.

"விடுங்க டாக்டரம்மா" என்றாள் அக்கா. முந்தின நாள் மதியத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியிருந்தது. பட்டியல் அவள் பேர் இல்லாமலே போயிற்று.

மறுவாரம் படகுக்காரர் மறுபடி குழாய்களை இறக்கினார். முணுமுணுத்துக்கொண்டுதான் போனார், ஆனாலும் பன்னிரண்டுக்குப் பதில் பதினெட்டு எடுத்து வந்தார். டாக்டரம்மாதான் கேட்டிருந்தார். அக்காவைக் குளிர் அறைக்குள் கூப்பிட்டு, மூன்றாவது வரிசையைக் காட்டினார்.

"இந்த ஆறும் உங்களோடது. அன்னிக்கு மாதிரியே ஞாயித்துக்கிழமை தவிர தினம் பதினஞ்சு நிமிஷம் காத்து. நீங்க அன்னிக்குச் சொன்னதுலேருந்து இதே யோசனைதான். பதினஞ்சு நிமிஷக் காத்துக்கே சேறு அடங்கி இருந்துதே, அப்ப மெஷின் ராத்திரி பகலா உறுமணுமா? ஜனங்க தூங்குற நேரத்துல நிறுத்தி வெச்சா என்ன? இத எந்த மீட்டிங்லயும் யாரும் கேக்கல அக்கா. நானும் கேக்கல."

"நான் வாடை போகணும்னு செஞ்சேன். நீங்க ஏதேதோ சொல்றீங்க."

"எந்தக் குழாய் நாறுது, எது நாறல, வித்தியாசம் என்னன்னு பாத்தீங்கல்ல? நான் பாக்குற வேலையும் அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை மூக்கில் முகமூடி கட்டியிருந்தார். அக்காவே தைத்துக் கொடுத்தது. கொடுப்பதற்கு முன், "இதப் போட்டா உங்க வேலைக்கு எதுவும் கெட்டுடாதே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

எட்டாம் நாளே மூடி போட்ட ஆறு குழாய்களின் தண்ணீர் மருந்து விட்டதும் பேனா மை போல அடர்நீலமாயிற்று. சேற்றின் தோல் கறுத்திருந்தது. தலைவர் வந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். "இதையா சாதுன்னு எழுதப் பாத்தேன்" என்றார். நாள் முழுக்கக் காற்றுப் போன வரிசை கடைசிவரை வெளிறியே இருந்தது. அக்காவின் வரிசை இருபத்தைந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்து, அதற்குப் பிறகு லேசாக நீலம் காட்டியது.

"அப்ப என் காத்து பத்தலையா?" என்று அக்கா கொஞ்சம் மனத்தாங்கலோடு கேட்டாள்.

"பதினஞ்சு நிமிஷம் பத்தல. ஆனா இருபத்தி நாலு மணி நேரமும் வேண்டாம். நடுவுல எங்கயோ இருக்கு. அத இனி ஏரியிலயே பாத்துக்கலாம்" என்று டாக்டரம்மா குழந்தை மாதிரி சிரித்தார்.

ஒத்திவைத்த கூட்டத்தில் முடிவாயிற்று. மெஷினை எடுப்பதில்லை. அடுத்த வெயில் காலத்துக்கு, ஜனங்கள் தூங்கும் நேரத்தில் மட்டும் நிறுத்திப் பார்ப்பது. வாரா வாரம் ஏரியின் அடித்தண்ணீரை அளப்பது. தலைவர் அக்காவின் விளக்கத்தின் அடியில், "இவர் தாமே முன்வந்து சொல்லியிராவிட்டால் தவறான முடிவு எடுத்திருப்போம்" என்று தம் கையால் எழுதி மேலே அனுப்பினார். அடுத்த பட்டியல் வர ஆறு மாதம் ஆகும். அதில் பேர் வருமா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

கூட்டத்துக்கு மறுநாள் டாக்டரம்மா அளவுத் தாள்களைக் கோப்பில் சேர்க்கக் கொண்டுவந்தார். மூன்றாவது வரிசைத் தாளில், 'செய்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது.

"இங்க உங்க கையெழுத்து அக்கா."

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். தாளை மேலிருந்து கீழே படித்தாள். ஒவ்வொரு வேலை நாளுக்கும் நேராக, ஆறு குழாய்க்கும் பதினைந்து, பதினைந்து என்று போட்டிருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"டாக்டரம்மா, ஒன்பதாம் நாள் மூணாவது குழாயோட மூடி கைநழுவி விழுந்துடுச்சு. கழுவிப் போடுறதுக்குள்ள பதினெட்டு நிமிஷம் ஆயிடுச்சு."

டாக்டரம்மா தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"எழுதுங்க" என்றார்.

அக்கா பதினைந்தை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் பதினெட்டு என்று எழுதி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டாள்.